புத்தர் எந்த இனத்தவர்? சாக்கியர்களைப் பற்றி ஓர் எளிய விளக்கம்

புத்தர் எந்த இனம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். நேபாளி என்பார் ஒருவர், இந்தியர் என்பார் இன்னொருவர். ஆரிய சத்திரியர், மங்கோலிய முகம் கொண்ட மலைவாசி, நடு ஆசியாவிலிருந்து வந்த சகர், திராவிடர் என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் காரணம் சொல்லியிருக்கிறார். புதிதாகப் படிக்க வருபவர் குழம்பிப் போவது இயல்புதான். சான்றுகள் எதுவரை கொண்டுபோகின்றன, எங்கே நின்றுவிடுகின்றன என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

இந்தக் கேள்விக்குப் புத்தர் தாமே சொன்னதாக ஒரு பதில் உண்டு. அங்கிருந்து தொடங்குவதுதான் சரி. பௌத்த நூல்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று சுத்தநிபாதம். அதில் ஒரு காட்சி: வீட்டைவிட்டு வந்த இளந்துறவி மகத நாட்டின் தலைநகரான ராஜகிருகத்தில் பிச்சை எடுத்துப் போகிறார். மாளிகை மேலிருந்து பார்த்த பிம்பிசார மன்னன், பாண்டவ மலையில் அவர் தங்கியிருந்த இடத்துக்கே போய் அவருடைய பிறப்பை விசாரிக்கிறான். பதில் ஏறக்குறைய இப்படி வருகிறது: இமயத்தின் சாரலில் செல்வமும் ஊக்கமும் உடைய ஒரு மக்கள் இருக்கிறார்கள், கோசலத்தில் வாழ்பவர்கள், கோத்திரத்தால் ஆதித்தர், பிறப்பால் சாக்கியர், அந்தக் குலத்திலிருந்து துறந்து வந்தவன் நான்.

இதில் மூன்று செய்திகள் இருக்கின்றன. இடம், கோத்திரம், குலம். நமக்கு உறுதியாகத் தெரிந்ததில் பெரும்பகுதி இந்த மூன்றைச் சுற்றித்தான் இருக்கிறது.

இடம்

இமயமலை இறங்கிச் சமவெளியைத் தொடும் ஈரமான தாழ்நிலத்துக்குத் தராய் என்று பெயர். இன்றைய நேபாளத்தின் தெற்கு ஓரமும் உத்தரப் பிரதேசத்தின் வடகிழக்கு ஓரமும் சேர்ந்த பகுதி அது. நெல் விளையும் மண். சாக்கியர் நாடு இங்கேதான் இருந்தது. பெரிய நாடொன்றும் இல்லை. கிழக்கே ரோகிணி என்ற சிறு ஆறு, அதற்கு அப்பால் கோலியர்கள். சாக்கியர்களும் கோலியர்களும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவுக்காரர்கள். அப்படியிருந்தும் கோடையில் ரோகிணித் தண்ணீரை யார் வயலுக்குத் திருப்புவது என்று சண்டை மூண்டு, புத்தரே வந்து விலக்கிவிட்டதாக ஒரு கதை உண்டு.

பிறந்த இடம் லும்பினி. இதற்குக் கல்லிலேயே சான்று இருக்கிறது. அசோகர் முடிசூடி 20 ஆண்டு ஆனபின், அதாவது கி.மு. 249 வாக்கில், அங்கே நேரில் வந்து ஒரு தூண் நட்டார். அந்தத் தூணின் எழுத்து 1896இல் கண்டறியப்பட்டது. மொத்தமே ஐந்து வரிதான். "ஹித புதே ஜாதே சக்யமுனீ தி" என்று அதில் வருகிறது. சாக்கியமுனி புத்தர் இங்கே பிறந்தார் என்பது பொருள். லும்பினி ஊருக்கு 'பலி' என்ற வரி நீக்கப்பட்டதும், விளைச்சலில் எட்டில் ஒரு பங்கு மட்டும் செலுத்தினால் போதும் என்றதும் அதே ஐந்து வரிக்குள் இருக்கின்றன. அரசர் ஓர் ஊருக்கு வரிச்சலுகை கொடுத்துக் கல்லில் வெட்டியிருக்கிறார் என்றால், இதுதான் அந்த இடம் என்று அன்றைக்கே மக்கள் உறுதியாக நம்பியிருக்க வேண்டும். புத்தர் இறந்து சுமார் 150 முதல் 250 ஆண்டுகளுக்குள் வெட்டிய கல் இது.

அந்த எழுத்தில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ராஜா என்பதை அது 'லாஜா' என்ற வடிவில் எழுதுகிறது. ரகரம் லகரமாக மாறுவது அன்றைய கிழக்கத்திப் பிராகிருதத்தின் அடையாளம். புத்தர் பேசியதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பேச்சுமொழியாகவே இருந்திருக்கும் என்பது பெரும்பாலான மொழியறிஞர் கருத்து. அவர் சமஸ்கிருதத்தில் உபதேசிக்கவில்லை. இன்று நம் கையில் இருக்கும் பௌத்த நூல்களின் மொழியான பாலிகூட அவர் பேச்சின் அப்படியே பதிவு என்று சொல்ல முடியாது.

அவர் வளர்ந்த கபிலவஸ்து எது என்பதில்தான் தகராறு. நேபாளத்தில் லும்பினிக்கு மேற்கே உள்ள திலௌராகோட் என்கிறது ஒரு தரப்பு. அங்கே கோட்டைச்சுவரும் அகழியும் கொண்ட பழைய நகரம் புதைந்து கிடக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம், உத்தரப் பிரதேசத்துப் பிப்ரவா என்கிறது மறுதரப்பு. 1898இல் அங்கிருந்த தூபியைத் தோண்டியபோது எலும்புத் துண்டுகளும் மணிகளும் பொன்னிழைகளும் கொண்ட கற்பேழைகள் கிடைத்தன. ஒரு பேழையின் மூடியைச் சுற்றிச் சாக்கியர் பெயர் பொறித்திருந்தது. 1970களில் நடந்த அகழாய்வில் 'கபிலவஸ்து பிக்கு சங்கம்' என்று பொறித்த முத்திரைகளும் வந்தன. என் பார்வையில் திலௌராகோட் ஊராகவும், பிப்ரவா அவ்வூர் மக்கள் தங்கள் பங்கு அஸ்தியை வைத்த தூபியாகவும் இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். பேழையோடு கிடைத்த மணிகளில் ஒரு பகுதி 2025இல் ஹாங்காங்கில் ஏலத்துக்கு வந்து, இந்திய அரசு எதிர்த்ததால் ஏலம் நின்று, அந்த ஜூலையில் இந்தியாவுக்குத் திரும்பியது பலருக்கு நினைவிருக்கும்.

நேபாளியா இந்தியரா என்ற சண்டைக்கு வருவோம். லும்பினி இன்று நேபாளத்தில் இருக்கிறது, அதில் ஐயமில்லை. ஆனால் இந்த இரண்டு நாடுகளும் அன்று இல்லை. அன்றைக்கு ஒருவர் தன்னை எப்படிச் சொல்லிக்கொண்டார் என்பதற்கு, புத்தரின் உரைகளைத் தொகுத்த மஜ்ஜிம நிகாயம் என்ற பாலி நூலில் அழகான சான்று கிடைக்கிறது. முதுமையில் புத்தரைப் பார்க்க வந்த கோசல மன்னன் பசேனதி, பகவரும் சத்திரியர் நானும் சத்திரியன், பகவரும் கோசலர் நானும் கோசலன், பகவருக்கும் வயது 80 எனக்கும் 80 என்று உரிமையோடு பேசுகிறான். ஆக, குலத்தால் சாக்கியர், நாட்டால் கோசலர்.

பேரரசரின் மகனா?

நமக்குப் பழகிய கதையில் சுத்தோதனர் பெரிய மன்னர், சித்தார்த்தர் முடிசூட வேண்டிய இளவரசர். பழைய நூல்களின் அடியில் தெரியும் படம் கொஞ்சம் வேறு. சாக்கியர்களுடையது கணசங்கம் என்று சொல்லப்படும் ஆட்சிமுறை. குலத்தின் தலைக்கட்டுகள் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். கூடும் மண்டபத்துக்குச் சந்தாகாரம் என்று பெயர். லிச்சவிகள், மல்லர்கள் ஆகியோரிடமும் இதே முறை இருந்தது. இப்படிப்பட்ட குலங்களில் 'ராஜா' என்ற பட்டம் தலைவர்கள் பலருக்கும் பொது. துறவிகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் வினய நூலில் சாக்கிய ராஜாவாகப் பேசப்படுபவர் பத்தியர் என்ற வேறொருவர். அதோடு சாக்கியர்கள் முழு சுதந்திரர்களும் இல்லை. அவர்கள் பசேனதிக்குப் பணிந்து வணங்குகிறவர்கள் என்று தீக நிகாயம் என்ற இன்னொரு உரைத்தொகுப்பில் புத்தரே சொல்கிறார்.

தம் இளமையைப் பற்றி அவர் சொல்லும் ஒரு நினைவு எனக்கு மிகவும் பிடிக்கும். தந்தையான சாக்கியர் வேலையில் இருந்தபோது, தாம் நாவல் மர நிழலில் உட்கார்ந்து தியானத்தில் ஆழ்ந்ததாகச் சொல்கிறார். பிற்கால உரைகள் அதை அரசரின் பொன்னேர் விழாவாக்கிவிட்டன. மூலத்தில் வெறும் 'வேலை' என்றே இருக்கிறது. நிலமும் செல்வாக்கும் உள்ள ஒரு குலத்தலைவர் வீட்டுப் பிள்ளை என்று எண்ணிக்கொண்டால் உண்மைக்கு அருகில் இருப்போம்.

ஒக்காகன் கதை

சாக்கியர்கள் தங்கள் மூலத்தைப் பற்றி என்ன சொல்லிக்கொண்டார்கள்? தீக நிகாயத்தின் அம்பஷ்ட சூத்திரத்தில் அந்தக் கதை வருகிறது. அது வரும் சூழலைச் சொன்னால்தான் கதையின் காரம் புரியும்.

அம்பஷ்டன் என்றொரு பிராமண இளைஞன். படிப்பில் கெட்டிக்காரன், பேச்சில் துடுக்கு. புத்தரிடம் மரியாதையில்லாமல் பேசுகிறான். ஏன் இந்தக் கோபம் என்று கேட்டால் பழைய மனக்குறையைக் கொட்டுகிறான். ஒருமுறை கபிலவஸ்துவுக்குப் போனானாம். சந்தாகாரத்தில் உயர்ந்த இருக்கைகளில் உட்கார்ந்திருந்த சாக்கியர்கள் ஒருவரையொருவர் விரலால் குத்திச் சிரித்தார்களாம். அவனைப் பார்த்தே சிரித்ததாக அவனுக்குப் பட்டது. உட்கார் என்று ஒருவரும் சொல்லவில்லை. பிராமணர்களுக்கு மரியாதை கொடுக்கத் தெரியாத காட்டான்கள் சாக்கியர்கள் என்று வசை பாடுகிறான். காடைக்குருவிகூடத் தன் கூட்டில் இஷ்டப்படி கத்தும், கபிலவஸ்து சாக்கியர்களின் சொந்த வீடு, இந்தச் சின்ன விஷயத்துக்கு நீ இவ்வளவு கோபப்படலாமா என்கிறார் புத்தர்.

அவன் விடவில்லை. அப்புறம்தான் புத்தர் இரு குலங்களின் பூர்வீகத்தையும் எடுக்கிறார். ஒக்காகன் என்ற மன்னன், இளைய ராணியின் மகனுக்குப் பட்டம் கட்டுவதற்காக மூத்த பிள்ளைகளை நாடு கடத்துகிறான். அவர்கள் இமயச் சாரலில், தாமரைக் குளத்தருகே இருந்த சாக மரக் காட்டில் குடியேறுகிறார்கள். வெளியே பெண் எடுத்தால் இரத்தம் கலந்துவிடும் என்று அஞ்சித் தங்கள் சகோதரிகளையே மணக்கிறார்கள். செய்தி கேட்ட மன்னன், என் பிள்ளைகள் வல்லவர்கள் என்று வியந்தானாம். அவர்கள் வழிவந்தோர் சாக்கியர். அம்பஷ்டனின் குலமோ, அதே ஒக்காகனின் அடிமைப்பெண் திசை என்பவளுக்குப் பிறந்த பிள்ளையிலிருந்து வந்தது.

ஒக்காகன் என்பது வடமொழியில் இக்ஷ்வாகு. ராமாயணம் படித்தவர்களுக்குத் தெரிந்த சூரிய குலத்து மூதாதை. புத்தர் தம் கோத்திரத்தை 'ஆதித்தர்' என்று சொன்னதும் இதோடு பொருந்துகிறது. இளைய மனைவிக்காக மூத்த பிள்ளைகளைக் காட்டுக்கு அனுப்பும் தந்தை என்ற கதையும் நமக்குப் பழக்கமானதுதான். இதை வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. தங்கள் குலம் பெரிய அரச குலத்தின் கிளை என்று சொல்லிக்கொள்வது அன்றைய குலங்கள் பலவற்றின் வழக்கம். ஆனால் கதைக்குள் ஒரு வரலாற்றுச் செய்தி இருக்கிறது. சாக்கியர்கள் இரத்தத் தூய்மையில் பிடிவாதக்காரர்கள், பிராமணர்களைத் தங்களுக்கு மேலாக ஏற்காதவர்கள்.

'கௌதமர்' என்ற பெயர் இங்கே ஒரு சிக்கல். கௌதம கோத்திரம் வேதகால ரிஷி வழியில் வருவது, பிராமணர்களுடையது. சத்திரியக் குலம் அதை எப்படிப் பெற்றது? அரச குடும்பங்கள் தங்கள் புரோகிதரின் கோத்திரத்தை ஏற்பது உண்டு என்பதே வழக்கமான விளக்கம்.

அந்தக் குலப்பெருமையே சாக்கியர்களுக்கு எமனாகவும் வந்தது. பசேனதி சாக்கியப் பெண்ணை மணக்கக் கேட்டபோது, மறுக்கவும் பயம், தூய குலத்துப் பெண்ணைக் கொடுக்கவும் மனமில்லை. மகாநாமர் என்பவருக்கு அடிமைப்பெண்ணிடம் பிறந்த வாசபகத்தியாவைச் சாக்கியப் பெண் என்று சொல்லி அனுப்பிவைத்தார்கள். அவள் மகன் விடூடபன் வளர்ந்து தாய்வீட்டுக்கு வந்துபோனபின், அவன் உட்கார்ந்த இருக்கையை ஓர் அடிமைப்பெண் திட்டிக்கொண்டே பால் கலந்த நீரால் கழுவினாள். அது அவன் காதுக்குப் போயிற்று. அரசனானதும் படையெடுத்தான். மூன்றுமுறை புத்தர் வழியில் நின்று தடுத்தார். நான்காம் முறை அவர் வரவில்லை, சாக்கியர்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டார்கள். உரைநூல்கள் தரும் கதை இது. ஆனால் புத்தர் இறந்தபின் அஸ்தியில் பங்கு கேட்டு வந்தவர்களில் கபிலவஸ்து சாக்கியர்களும் உண்டு என்று மகாபரிநிப்பான சூத்திரம் சொல்கிறது. பகவர் எங்கள் உறவினரில் தலைசிறந்தவர் என்று சொல்லித்தான் கேட்கிறார்கள். குலம் அடியோடு அழிந்துவிடவில்லை.

புத்தர் இந்தப் பெருமையில் தாம் பங்கு கொள்ளவில்லை. சாக்கிய இளைஞர்கள் ஆறு பேர் துறவுக்கு வந்தபோது, தங்களோடு வந்த நாவிதர் உபாலிக்கு முதலில் துறவு கொடுங்கள், அவரை நாங்கள் வணங்க வேண்டிவரும், அப்போது எங்கள் சாக்கியச் செருக்கு அடங்கும் என்று அவர்களே கேட்டார்கள், அவரும் அப்படியே செய்தார். வாசேட்ட சூத்திரத்தில் இன்னும் நேராகப் பேசுகிறார். புல், மரம், புழு, பாம்பு, மீன், பறவை ஆகியவற்றுக்குப் பிறப்பிலேயே வெவ்வேறு அடையாளங்கள் உண்டு, மனிதர்களின் தலைமுடியிலோ கண்ணிலோ காதிலோ நிறத்திலோ அப்படிப்பட்ட பிறப்பு வேறுபாடு கிடையாது என்கிறார். இனத்தைப் பற்றிய கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலை அந்தக் காலத்தில் நான் வேறெங்கும் படித்ததில்லை.

ஆரியர், மங்கோலியர், சகர், திராவிடர்

ஆரியம், திராவிடம் என்பவை அடிப்படையில் மொழிக்குடும்பப் பெயர்கள். சாக்கியர் பேசியது இந்தோ-ஆரிய மொழி, அதில் சந்தேகமில்லை. பேசிய மொழியை வைத்து இரத்தத்தைச் சொல்ல முடியாது என்பதால், இதற்குமேல் எல்லாம் ஊகம்தான். கங்கைச் சமவெளியின் கிழக்குப் பகுதி வேதப் பண்பாட்டின் மையமாக இருக்கவில்லை. சதபத பிராமணம் என்ற வேத நூல் கிழக்கத்தியரை அசுரத்தன்மை உள்ளவர்கள் என்கிறது. அவர்கள் ஈமமேடுகளை வட்டமாகக் கட்டுகிறார்கள், நம்மவர் சதுரமாகக் கட்டுகிறோம் என்கிறது. பிற்காலத்து வட்டத் தூபிகளை நினைத்தால் அந்த வரி சட்டென்று உயிர்பெறும். மறுபிறவி, கர்மம், உடலை வருத்தும் துறவு போன்ற கருத்துகள் இந்தக் கிழக்குப் பண்பாட்டில்தான் வேரோடியிருந்தன என்று யோஹான்னஸ் பிராங்கார்ஸ்ட் என்ற அறிஞர் 2007இல் விரிவாக வாதிட்டார். தராயில் முண்டா மொழிக்காரர்களும் திபெத்திய-பர்மிய மொழிக்காரர்களும் அக்கம்பக்கத்தில் இருந்திருக்க வாய்ப்புண்டு. சாக்கியர்கள் கலப்பில் உருவான மக்கள் என்று நினைப்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

மங்கோலியர் என்ற கருத்தை வின்சென்ட் ஸ்மித் போன்ற ஆங்கிலேய வரலாற்றாசிரியர்கள் சொன்னார்கள். மலையடிவார மக்கள் என்பதைத் தவிர வலுவான ஆதாரம் இல்லை.

சகர் கருத்து இணையத்தில் பிரபலம். சாக்கியர், சகர் என்ற பெயர் ஒற்றுமைதான் அதன் தொடக்கம். சகர்கள் வடமேற்கு இந்தியாவுக்குள் வந்தது கி.மு. 2, 1ஆம் நூற்றாண்டுகளில், புத்தருக்குப் பல நூறு ஆண்டுகள் கழித்து. அதற்கு முன்பே ஒரு சிறு கூட்டம் கிழக்கே வந்திருக்கலாம் என்று மைக்கேல் விட்சல் போன்ற சில அறிஞர்கள் சொல்கிறார்கள். சகோதரி மணத்தை ஈரானிய வழக்கத்தோடு ஒப்பிடுகிறார்கள். யோசிக்கத்தக்க கருத்து, ஆனால் அந்தக் கூட்டம் வந்ததற்கு அகழாய்வுச் சான்று கிடையாது.

திராவிடக் கருத்துக்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம் நமக்கு நெருக்கமானது: முறைப்பெண். இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சம் தரும் வம்சாவளியைப் பாருங்கள். சாக்கியர் சிங்கஹனுவின் தங்கை, தேவதகத்து அஞ்சனருக்கு மனைவி. அஞ்சனரின் தங்கை சிங்கஹனுவுக்கு மனைவி. சிங்கஹனுவின் மகன் சுத்தோதனர், அஞ்சனரின் மகள்கள் மாயாவையும் பிரஜாபதியையும் மணக்கிறார். சுத்தோதனரின் தங்கை அமிதா, மாயாவின் உடன்பிறந்த சுப்பபுத்தரை மணக்கிறார். அவர்கள் மகளைத்தான் சித்தார்த்தர் கட்டிக்கொள்கிறார். அதாவது அவர் மனைவி ஒரே நேரத்தில் அத்தை மகளும் மாமன் மகளும். தலைமுறை தலைமுறையாகப் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் இந்த அமைப்பு தென்னிந்தியக் குடும்பம் எதிலும் இருக்கக்கூடியது.

ஆனால் வடக்கே எழுதப்பட்ட நூல்களில் இந்த உறவு இல்லை. மகாவஸ்துவில் புத்தரின் மனைவி யசோதரையின் தந்தை மகாநாமர், லலிதவிஸ்தரத்தில் மனைவியின் தந்தை தண்டபாணி. புத்தரை எதிர்த்தவனாகச் சொல்லப்படும் தேவதத்தனும் பாலி மரபில் மைத்துனன், வடமரபில் பங்காளி. இதை நுணுகி ஆராய்ந்த அறிஞர் தாமஸ் டிரவுட்மன் 1973இல் ஒரு முடிவுக்கு வந்தார்: முறைப்பெண் திருமணம் சாக்கியர்களின் வழக்கமாக இருந்ததற்குச் சான்றில்லை; அந்த வழக்கம் இயல்பாக இருந்த இலங்கை, தென்னிந்தியச் சூழலில் எழுதியவர்கள் புத்தரின் குடும்பத்தையும் அப்படியே கட்டமைத்தார்கள். மகாவம்சம் கி.பி. 5ஆம் நூற்றாண்டு வாக்கில் எழுதப்பட்டது. இலங்கை அரசர்களின் முன்னோரான பண்டுவாசுதேவர் ஒரு சாக்கியப் பெண்ணை மணந்ததாகவும் அது சொல்கிறது. தங்கள் அரச வம்சத்தைப் புத்தரின் குடும்பத்தோடு இணைப்பது எழுதியவர்களுக்குத் தேவைப்பட்டது. திராவிடர் என்று நிறுவக் காட்டப்படும் சான்று, உண்மையில் தெற்கத்தி எழுத்தாளர்களைப் பற்றிய சான்று. டிரவுட்மன் வாதம் எனக்கு ஏற்கத்தக்கதாகவே தோன்றுகிறது.

முகம் எப்படி இருந்தது?

சிலைகளைப் பார்த்து இனம் சொல்பவர்கள் உண்டு. புத்தரை மனித உருவில் வடிக்கத் தொடங்கியது கி.பி. 1ஆம் நூற்றாண்டையொட்டித்தான். அதற்கு முன் வெற்று ஆசனம், பாதச்சுவடு, போதி மரம் என்ற குறிகளே. காந்தாரச் சிற்பி கிரேக்க மூக்கும் அலைமுடியும் வைத்தார், மதுராச் சிற்பி தம் ஊரின் யட்சன் உருவத்தை ஒட்டிச் செதுக்கினார். இருவரும் அவரைப் பார்த்தவர்களில்லை. பொன்னிற மேனி முதலிய 32 லட்சணங்களும் மகாபுருஷனுக்கு உரிய இலக்கண வருணனைகள்தாம்.

இதைவிட எனக்கு முக்கியமாகத் தெரிவது வேறொன்று. மகத மன்னன் அஜாதசத்து, மருத்துவன் ஜீவகனின் மாந்தோப்புக்கு இரவில் வருகிறான். துறவிகள் கூட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். இவர்களில் பகவர் யார் என்று ஜீவகனைக் கேட்க வேண்டியிருக்கிறது. நடுத்தூணில் சாய்ந்து கிழக்கு நோக்கி இருப்பவர்தான் என்று அவன் காட்டுகிறான். புக்குசாதி என்ற துறவி, குயவர் கொட்டகையில் இரவின் பெரும்பகுதி புத்தரோடு தங்கியிருந்தும், அவருடைய உபதேசத்தைக் கேட்ட பிறகுதான் அவரை அடையாளம் கண்டுகொண்டார். மற்ற மகதத்துத் துறவிகளிடமிருந்து தனித்துத் தெரியும் முகம் அவருக்கு இல்லை என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

மரபணுச் சோதனையால் தீர்க்கலாமே என்று கேட்பவர்களுக்கு: தகனமாகி எரிந்த எலும்பில் மரபணு மிஞ்சுவது அரிது. கிடைத்தாலும் அது அவருடையதுதான் என்று ஒப்பிட்டுப் பார்க்க ஆளில்லை. வழித்தோன்றல்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள் மட்டும் நிறைய. பர்மிய அரச வரலாறுகள் அபிராஜா என்ற சாக்கியரிலிருந்து தொடங்குகின்றன. தராயில் வாழும் தாரு மக்களில் சிலர் புத்தர் தங்கள் இனத்தவர் என்கிறார்கள். உத்தரப் பிரதேசத்தில் சாக்கிய என்ற பெயரோடு உழவர் சமூகம் ஒன்று இருக்கிறது. காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் நேவார் மக்களில் சாக்கிய என்றே பெயர் தாங்கிய குடும்பங்கள் பழைய விகாரைகளைப் பரம்பரையாகப் பராமரித்து வருகின்றன. உயிருள்ள தெய்வமாக வணங்கப்படும் குமாரிச் சிறுமியைக் காத்மாண்டு நகரம் இன்றும் அந்தச் சாக்கியக் குடும்பங்களிலிருந்துதான் தேர்ந்தெடுக்கிறது.